கிழக்கு வரப்புப் புளியமரத்துப் பன்னி

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தி அவர்களுக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து மாமன் மாரப்பன் சொல்லி எழுதுவது. இங்கு நானும் உங்க மாமியாரும் வெள்ளாடுகளும் சுகம். வாளையாறு லாரிப் புகையிலும் தாங்களும் மகள் மருதாத்தாளும் சுகமாக இருக்க வேண்டியது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் தபால்காரர் ஏசுதாஸ். எழுதும்போது சிரிக்கிறார், எதற்கென்று தெரியவில்லை. அப்பப்போ திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

சங்கதி என்னவென்றால், நம்ம கிழக்கு வரப்புப் புளியமரத்தின் அடிமரத்தில் பிள்ளையார் முகம் தெரியுதுன்னு பக்கத்துக் காட்டு ரத்தினசாமி மஞ்சளைப் பூசிப் பொட்டு வெச்சு, ஒரு செவப்புத் துண்டையும் கட்டிட்டான். எனக்குத் தெரியாத மரமா அது? எங்கப்பன் காலத்துல அந்த முண்டும் முடிச்சும் கரடியாட்டம் இருந்துச்சு. நான் சின்னப்பையனா இருந்தப்போ வந்த கொல்லவருசம் தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல மேக்குக் கொம்பு முறிஞ்சதும் படுத்த எருமை. எங்க கல்யாணத்தப்போ கழுதை, உங்க மாமியாரு மரத்தையும் பார்த்து என்னையும் பார்த்துச் சிரிச்சா. அப்புறம் பட்டை உரிஞ்சு ரொம்ப வருசமாப் பன்னி. மூக்கைத் தூக்கிட்டு நிக்கற பன்னி. அதுக்குத் தும்பிக்கை எங்கிருந்து வந்துச்சு? உளி போட்டிருக்கான். தடவிப் பார்த்தேன், உளித்தடம் ஒண்ணுமில்லை. தடமே தெரியாமச் செதுக்கியிருக்கான் பாருங்க, அதுதான் எனக்குச் சந்தேகத்தை ஜாஸ்தியாக்குது.

எதுக்குச் செய்யறான்னு எனக்குத் தெரியாதா? சாமின்னு ஆயிட்டா மரத்துமேல கை வைக்க முடியாது, கும்பிட வர்றவங்களுக்கு வழி விடணும், வழி நம்ம கடலைக்காட்டு நடுவுலதான். இன்னைக்குத் துண்டு, நாளைக்கு மேடை, அப்புறம் கூரை, அத்தோட நம்ம காடு போச்சு. "ஏனுங்க, யானையாட்டந்தான் இருக்குது"ங்கறா உங்க மாமியார், நேத்து வரைக்கும் பன்னின்னு சொன்னவ. "மஞ்சள் பூசுனாப் பன்னி யானையாயிருமா?"ன்னேன். "உங்களுக்குப் பூசிப் பார்த்தாத் தெரியும்"ங்கறா. ரத்தினசாமி ஊட்டுல இருந்து அவளுக்குச் சுண்டல் வருது, அது வேற.

சதுர்த்திக்கு ஊரைக் கூட்டிப் பொங்கல் வைக்கப் போறானாம். ஆகையால் தங்கள் அறுவைமில்லில் இருந்து ரெண்டு ஆளையும் நீள ரம்பத்தையும் கூட்டிக்கொண்டு அதுக்கு முன்னால வந்து சேரவும். மரம் தரையில கிடந்தால்தான் எனக்குத் தூக்கம்.

நம்ம குலதெய்வம் தங்களையும் மகளையும் குறையில்லாமல் வைக்கட்டும். அது கோயிலுக்குள்ளேயே இருக்கற சாமி, அடுத்தவன் காட்டுக்கு வராது.

இப்படிக்கு,
மாமன் மாரப்பன், இடது பெருவிரல் ரேகை

பின்குறிப்பு: ரேகை வைக்கற நேரத்துல ரத்தினசாமி வந்தான். "நல்லாப் பார்த்துட்டனுங்க மாமா. பன்னியேதானுங்க. வெட்டிப் போடுங்க, நானும் ஒரு கை பிடிக்கறேன்"னு சொல்லி, துண்டையும் அவுத்துட்டுப் போயிட்டான். இவன் எதுக்கு இத்தனை சுளுவா ஒத்துக்கறான்? அந்த வரப்புக்கு எல்லைக்கல்லு கிடையாது, மரந்தான் எல்லை. மரம் போனா வரப்பு எந்தப் பக்கம் நகரும்னு எனக்குத் தெரியாதா? ரம்பம் வேண்டாம். பட்டுத்துண்டும் சூடமும் வாங்கிக்கொண்டு மருதாத்தாளோட வரவும். இப்பத்தான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். தும்பிக்கை நல்லாவே தெரியுது.