ரெடி அண்ணையின் பை

ஆஸ்திரேலியாவில் நம்பர் காட்டாமல் வருகிற போன் அழைப்பை யாரும் எடுப்பதில்லை. ஒன்று சூரிய மின்தகடு விற்கிறவனாக இருக்கும், இல்லாவிட்டால் வரி அலுவலகம் என்று பொய் சொல்லி மிரட்டுகிறவனாக இருக்கும். அப்படிப்பட்ட அழைப்பை முதல் மணியிலேயே எடுத்து, எதிரே யார் என்றுகூடக் கேட்காமல், "ஐ ஆம் ரெடி!" என்று முழங்கிய மனிதர் இந்தக் கண்டம் முழுவதிலும் ஒரே ஒருவர்தான். அவர் செவன் ஹில்ஸில் எங்கள் கிடங்கில் பெட்டி தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினார்.

அவருக்குச் சம்பளச் சீட்டில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் அவரை ரெடி அண்ணை என்றார்கள். மதுரைக்காரனான நான் ரெடி அண்ணே என்றேன். வெள்ளைக்காரர்கள் வெறும் ரெடி என்றார்கள்.

விஷயம் இதுதான். அவருடைய வலது கண்ணில் புரை. ஒருநாள் லாரியில் ஏற்ற வேண்டிய பெட்டியை ஒரு சாண் தள்ளி இறக்கியதும், யாரும் சொல்லாமலே அவரே சாவியைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டார். கம்பெனி மூளையைக் கசக்கி அவருக்கு மாற்றுவேலை ஒன்று கண்டுபிடித்தது. கண் தெரியாத மனிதரை லேபிள் சரிபார்க்க உட்கார வைத்தது! அதுவும் கிறிஸ்மஸ் மூடல் வரைக்கும்தான். அதற்குள் கண்ணைச் சரிசெய்துகொண்டு கண் ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு வந்தால் போர்க்லிப்ட், இல்லாவிட்டால் வீடு. மனிதவளத்தைப் பார்த்துக்கொண்ட ஷெரில் இதை மிகவும் இனிமையாகச் சொன்னாள்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். ஒரு கஷ்டமும் இல்லை. நிரந்தர ஊழியர்களுக்குக் கம்பெனி பாதிப்பணம் போட்டுத் தனியார் மருத்துவக் காப்பீடு கொடுத்தது. ஒரு கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதமே தனியார் ஆஸ்பத்திரியில் கண்ணைத் துடைத்துப் பளிச்சென்று கொடுத்துவிடுவார்கள். அந்தக் கையெழுத்தைத்தான் மனுஷர் போடமாட்டேன் என்றார். அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் பெயர் பதிந்திருந்தார். வருஷத்துக்கு மேலேயும் ஆகலாம் என்று கடிதம் வந்திருந்தது.

எனக்கோ வயிறு எரிந்தது. நான் தற்காலிக விசாவில் இருந்தவன். அரசாங்க வைத்தியத்துக்கான மெடிகேர் என்கிற பச்சை அட்டை எனக்குக் கிடையாது. காப்பீடு கட்டினால்தான் விசாவே. அது என்ன நோய்க்குக் கைகொடுக்கும், எதற்குக் கையை விரிக்கும் என்று படித்துப் பார்ப்பதற்கே ஒரு டிகிரி வேண்டும்.

"ஏன்ணே இந்த வீம்பு? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்றதுக்கா?" என்று கேட்டேன்.

"சூரியனைப் பாக்க இடக்கண் போதும் தம்பி. நான் மெடிகேருக்கு வரியிலை கட்டுறன். கட்டினதை விட்டுட்டு ஏன் இன்னொருத்தனுக்குக் கட்டவேணும்? எனக்கென்ன விசரே?"

"வசதி இருக்கறவங்க தனியாருக்குப் போனா, இல்லாதவங்களுக்கு வரிசை குறையுமில்லண்ணே?"

"போறவை தனியப் போனால் குறையும். டொக்டர்மாரும் பின்னாலை போயிடுவினமெல்லோ?"

அதோடு சாப்பாட்டு நேரம் முடிந்து மேசைக்குத் திரும்பிவிட்டார்.

வீம்பு இருந்தாலும் வழி தெரிந்த மனிதர். ஆஸ்பத்திரிக்கு விடாமல் போன் போட்டு, ஒரு ரகசியத்தைக் கறந்துவிட்டார். ஆபரேஷனுக்கு நாள் கொடுத்த யாராவது கடைசி நேரத்தில் வராமல் போனால், அந்த இடத்துக்கு உடனே வரக்கூடியவர்களைக் கூப்பிடுவார்களாம். அதற்குத் தனியாக ஒரு பட்டியல் இருக்கிறதாம். காலையில்தான் கூப்பிடுவார்கள், நம்பர் தெரியாது. ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. முடிந்தபின் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒரு பொறுப்பான ஆள் வேண்டும். ரெடி அண்ணை பட்டியலில் ஏறினார். அன்றிலிருந்து எங்கள் நிம்மதி போயிற்று.

முதலில் பை வந்தது. நீலநிறத்தில் தோள்பை. உள்ளே சாரம் என்று அவர் சொல்கிற லுங்கி, துவாய், செருப்பு, மருந்துச் சீட்டு, கண் டாக்டர் கடிதம், பச்சை அட்டை. அது இல்லாமல் அவர் கழிப்பறைக்குக்கூடப் போகமாட்டார். கோயிலில் பிரதட்சிணம் வந்தாலும் பை கூடவே வரும்.

அப்புறம் சாப்பாடு. விடியற்காலை ஐந்து மணிக்குப் புட்டை விழுங்கிவிட்டு நண்பகல் வரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான். நார்த்மீட்டில் ஒரு வீட்டில் காலையில் பூப்புனித நீராட்டு விழா. பெண்ணை மணையில் உட்கார வைப்பதற்கு முன்னாலேயே இவர் நேரே சமையலறைக்குள் போய், "அன்ரி, பன்ரண்டு அடிச்ச உடனை எனக்குத்தான் முதல் இலை. இப்ப மணத்தைக் காட்டாதேங்கோ!" என்று உத்தரவு போட்டுவிட்டு வந்தார்.

போன் கதை அதைவிட மோசம். காலையில் மணி அடித்தால் கிடங்கே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். "ஐ ஆம் ரெடி! லாஸ்ட் ஈட்டிங் பைவ் ஏ.எம்.!" என்று இவர் கத்துவார். எதிர்முனையில் மின்தகடு விற்கிறவன் பாவம், ஆயுளில் இப்படி ஒரு வரவேற்பைக் கண்டிருக்கமாட்டான். வரி மோசடிக்காரன் ஒருவன், "உன்னைக் கைது செய்யப் போகிறோம்" என்று மிரட்ட, இவர், "கமிங், கமிங், விச் வார்ட்?" என்று கேட்டதில் அவனே வைத்துவிட்டான்.

அந்தப் பொறுப்பான ஆள் யார் என்று சொல்லவில்லையே. நான்தான். என்னைக் கேட்காமலே ஆஸ்பத்திரிப் படிவத்தில் என் பெயரை எழுதிவிட்டார்.

"மகள் டண்டினொங்கிலை இருக்கிறாள். மெல்போணிலை இருந்து ரெண்டு மணித்தியாலத்திலை வர ஏலுமோ? நீர் பக்கத்து மேசை. காரிலை பெற்றோல் எப்பவும் அரைவாசிக்கு மேலை நிக்கவேணும், விளங்குதே?"

தினமும் காலையில் என் பெட்ரோல் முள்ளை எட்டிப் பார்ப்பார். அதுவும் நல்ல கண்ணால்.

வருஷத்துக்கு ஒருமுறை காப்பீட்டுக்காரன் வருகிற நாள் வந்தது. பத்து மணிக்குக் கூட்டம். பெரிய தட்டில் புளூபெரி மஃபின்கள். அன்றே கையெழுத்திட்டால் காத்திருப்புக் காலம் தள்ளுபடி என்றான். ஷெரில் ரெடி அண்ணையைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தாள். பேனா சுற்றி வந்து அவரிடம் நின்றது. எழுந்து நின்றார். அவர் இங்கிலீஷில் சொன்னதை அவருடைய தமிழிலேயே தருகிறேன்.

"உது மரியாவுக்கும் உண்டோ?"

மரியா என்பவள் எங்கள் துப்புரவுப் பெண். காலிக் கோப்பைகளை எடுத்துப்போகச் சுவரோரமாக நின்றிருந்தாள். வேறொரு ஏஜென்சி மூலம் வருகிறவள்.

"இல்லை, நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்," என்றான் காப்பீட்டுக்காரன்.

"அப்ப மரியாவுக்குக் கண் மங்கினால்?"

"அதற்குத்தான் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறதே."

"அதுதானே! நான் அங்கைதான் நிக்கிறன். கதைக்கத் தெரிஞ்ச நாங்கள் எல்லாரும் உங்கடை வாசலாலை போனால், அங்கை வரிசையிலை நிக்கிறது வாய் திறக்காத சனம் மட்டும்தான். பிறகு இந்த வரிசை ஏன் அசையேல்லை எண்டு ஆர் கேக்கிறது? நீர் கேப்பீரோ?"

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. விசா ஞாபகம் வந்தது, தட்டவில்லை. அவரோ இன்னும் பேசினார். பேசப் பேச ஆத்திரம் ஏறியது. ஆத்திரம் ஏறினால் அவர் கை சும்மா இருக்காது. பேச்சை முடித்து உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், கையில் காலி மஃபின் காகிதம்.

அந்த நேரம் போன் அடித்தது.

"ஐ ஆம் ரெடி!" என்றார். உண்மையிலேயே ஆஸ்பத்திரி. ஒரு மணிக்கு இடம் இருக்கிறதாம். எப்போது கடைசியாகச் சாப்பிட்டீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். ரெடி அண்ணை கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். நான் ஐந்து விரலையும் விரித்து, "அஞ்சு மணின்னு சொல்லுங்கண்ணே, சொல்லுங்க!" என்று கிசுகிசுத்தேன். மனுஷர் பொய் சொல்லவில்லை. "நவ்," என்றார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவருக்கு வாய்க்கு எட்டிய ஒன்றால் கைக்கு எட்டியது போயிற்று.

"எதிரியின்ரை மஃபினைத் திண்டுபோட்டன் தம்பி," என்றார். அவர் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன். நான் முதல்முறையாகக் கெஞ்சினேன். "அண்ணே, கையெழுத்துப் போட்டுருங்க. உங்களுக்கு வேலை போயிரும்ணே."

"போனால் போகட்டும். அடுத்த முறை கூப்பிடேக்கை நான் சாப்பிட்டிருக்கமாட்டன்."

ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். மூடலுக்குப் பதினொரு நாள் இருந்தது. அன்று காலை ஷெரிலின் கண்ணாடி அறையில் நான் உட்கார்ந்திருந்தேன். என் நிரந்தர வதிவிடத்துக்குக் கம்பெனி கையெழுத்துப் போடுமா என்று முடிவாகிற கூட்டம். என் மேலதிகாரியும் எதிரே இருந்தார்.

கண்ணாடிக்கு வெளியே ரெடி அண்ணை வந்து நின்றார். தோளில் பை. கதவைத் தட்டவில்லை. விரலால் வாயைக் காட்டினார். பிறகு தலையை இடமும் வலமும் ஆட்டினார். சாப்பிடவில்லையாம்.

நான் எழுந்துவிட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. "மன்னிக்கணும், நான்தான் அவருக்குப் பொறுப்பான ஆள். போயே ஆகணும். நீங்க என்ன முடிவு வேணும்னாலும் எடுத்துக்குங்க," என்றேன்.

 ஷெரில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவர் மஃபின் ஏதும் சாப்பிடவில்லையே?"

ஆபரேஷன் முடிந்து மறுநாள் கண்கட்டைப் பிரித்ததும் அவர் என்னை உற்றுப் பார்த்து, "தம்பி, உமக்கு இவ்வளவு நரையோ! பாவம்," என்றார். மூடலுக்கு முதல்நாள் கண் ஆஸ்பத்திரிக் கடிதத்தை ஷெரில் மேசையில் வைத்தார். ஜனவரியில் போர்க்லிப்ட் ஏறினார். அதற்குள் மரியாவையும், காது, முழங்கால் என்று காத்திருந்த பாதிக் கிடங்கையும் அந்தப் பட்டியலில் ஏற்றிவிட்டிருந்தார். காலையில் யார் போன் அடித்தாலும் நாலு பேர் "ரெடி" என்று கத்தினார்கள்.

எனக்கும் வதிவிடம் கிடைத்தது, பச்சை அட்டை வந்தது. கூடவே ஒரு ஹெர்னியாவும் வந்தது. அவசரமில்லை, வரிசையில் நிற்கலாம் என்றார் டாக்டர். இந்த வருஷம் காப்பீட்டுக்காரன் வந்தபோது படிவத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன். மஃபினைத் தொடவில்லை.

ரெடி அண்ணை ஓய்வு பெற்று மகளோடு இருக்க டண்டினொங் போய்விட்டார். போகும்போது சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பையை என்னிடம் கொடுத்தார். இப்போது அது என் மேசைக்கடியில் இருக்கிறது. காலையில் நம்பர் தெரியாத அழைப்பு வந்தால் முதல் மணியில் எடுத்து, "ஐ ஆம் ரெடி" என்கிறேன். பத்துக்கு ஒன்பது தடவை அது ஆஸ்பத்திரி இல்லை. டண்டினொங்கிலிருந்து அவர்தான், வேண்டுமென்றே நம்பரை மறைத்துக்கொண்டு.

"தம்பி, சாப்பிட்டீரோ?"

உலகத்தில் எல்லாத் தமிழரும் அந்தக் கேள்வியை ஆமாம் என்ற பதிலுக்காகத்தான் கேட்கிறார்கள். இல்லை என்று நான் சொல்லவேண்டும் என்பதற்காகக் கேட்கிறவர் அவர் ஒருவர்தான்.

"இல்லண்ணே," என்கிறேன். வயிறு நிறைந்துவிடுகிறது.