அத்திம்பேர் சாப்பிட்ட பிசின் லட்டு

செம்பூர், மும்பை
வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய அத்திம்பேருக்கு, அனந்தகிருஷ்ணனின் அநேக நமஸ்காரங்கள். இங்கு அனைவரும் நலம். தங்கள் நலத்தைத்தான் காலையிலிருந்து சுவாமியிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

காலையில் போனில், "அந்த லட்டுவைத் தொடாதீங்கோ!" என்று கத்திவிட்டு வைத்ததற்கு மன்னிக்க வேண்டும். கோபர்கைரனேயில் தாங்கள் மிரண்டு போயிருப்பீர்கள். மருந்தியல் ஆராய்ச்சி செய்யும் எங்கள் பெண் சாதனா, எட்டு மாதமாகப் பாதாம் பிசினைக் கழுவி, கரைத்து, கெமிக்கலில் பக்குவம் பண்ணி, கண்ணுக்கே தெரியாத துகளாக்கிக்கொண்டிருக்கிறாள். அதில் மருந்தை ஏற்றி அனுப்பினால் நோவு உள்ள இடத்துக்கே போய் மெதுவாக இறக்குமாம். ஹார்பர் லைன் ரயிலைவிட நம்பகம் என்கிறாள். அதில் ஒரு டப்பாவை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, 'பிசின். ஆராய்ச்சிக்கு. தொடாதே' என்று ஒட்டியும் இருந்தாள். ஆனால் எங்கள் வீட்டில் காபிப்பொடி டப்பாவில் கடுகு இருக்கும், ஐஸ்கிரீம் டப்பாவில் தோசைமாவு இருக்கும். என் அகத்துக்காரி ராஜலக்ஷ்மி 'பிசின்' என்பதை மட்டும் நம்பி, தங்கள் முழங்கால் வலிக்கு ஆறு லட்டு பிடித்து அனுப்பிவிட்டாள். கேட்டால், "நம்மாத்துல லேபிளை யாரு முழுசாப் படிக்கறா?" என்கிறாள்.

காலையில் சாதனா டப்பாவைத் தேடியபோதுதான் தெரிந்தது. போனில் கேட்டால், தாங்கள் நேற்றே இரண்டு சாப்பிட்டதாகச் சொன்னீர்களே! அதனால்தான் அப்படிக் கத்திவிட்டேன். அவளோ சிரிக்கிறாள்: "டென்ஷன் ஆகாதேப்பா. அது வெறும் பிசின். எலியெல்லாம் சாப்ட்டுட்டு ஜம்முனு இருக்கு. மருந்து ஏத்தின டப்பா லேப்ல பத்திரமா இருக்கு."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆகவே மீதி நான்கையும் தைரியமாக இன்றே சாப்பிட்டு முடியுங்கள். மறுபடி போனில் பேசினால் ராஜலக்ஷ்மி ஒட்டுக்கேட்டு, தன் லட்டுவைக் குறை சொல்வதாகச் சண்டைக்கு வருவாள் என்பதால், மகன் நகுலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அக்கா வாலாம்பாளுக்கு என் நமஸ்காரம். தாங்கள் படி ஏறி இறங்கி நெடுநாள் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கும்,

அனந்தகிருஷ்ணன்

பி.கு.: நகுல் செருப்பு மாட்டும் நேரத்தில் சாதனா லேபிலிருந்து போனில் அழுகிறாள். மருந்து ஏற்றியது என்று நினைத்து, அவசரத்தில் வேறு டப்பாவை லேபுக்கு எடுத்துப்போயிருக்கிறாள். அங்கே பத்திரமாக இருப்பது ராஜலக்ஷ்மியின் அரிசிமாவு. மருந்து ஏற்றியது லட்டுவில் இருக்கிறது. பயம் வேண்டாம், வெறும் இஞ்சிச் சத்துதானாம். ஆனால் திங்கட்கிழமை பரீட்சகர்களிடம் அவள் காட்ட வேண்டியது அது ஒன்றுதான். கையில் இருக்கும் லட்டுவைக் கீழே வைத்து, மிச்சத்தை நகுலிடம் கொடுத்தனுப்புங்கள். மிச்சமே இல்லையென்றால், முழங்காலோடு தாங்களே அன்று காலை பத்து மணிக்குள் மாட்டுங்காவில் அவள் காலேஜுக்கு வந்துவிடுங்கள்.