கட்டியான தீர்த்தம்

மூட்டு வலிக்குத் தீர்த்தம் தரும் மூட்டுச்சாமிக்குக் காளிச்சாமி தர வேண்டிய பாக்கி ஏழாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் அவன் மனைவி மயிலாத்தாளின் ஆட்டுக்கால் சூப்பு வண்டி சாமிக்குச் சொந்தம். அவளைக் கேட்காமலே பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டான். அவள் முழங்கால் வலிக்காகத்தானே கொடுத்தான், அதனால் தப்பில்லையாம்.

சிங்காநல்லூரில் சாமியின் கொட்டகைக்கு உடுமலையிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தார்கள். நொண்டி வந்தவர்கள் நொண்டியே திரும்பினார்கள். மடியில் பாரம் மட்டும் குறைந்திருந்தது.

சாமி டம்ளரில் தீர்த்தம் ஊற்றுவார், மந்திரம் சொல்வார், ‘இமயக் குகை’ என்று எழுதிய பிரிட்ஜில் மூன்று மணி நேரம் வைப்பார். எடுத்தால் அல்வா மாதிரி கட்டி; அதைத் தின்னக் கொடுப்பார்.

"இதாட்டம் உங்க மூட்டு ஜவ்வும் கட்டியாகும்" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை மயிலாத்தாள் இரண்டு டம்ளரோடு வந்தாள்.

"ஏனுங்க சாமி, இது கொழாத்தண்ணி. மந்திரம் சொல்லி வெய்யுங்க. இந்த இன்னொண்ணு நான் வீட்டுல இருந்து கொண்டாந்தது. இதுக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க."

இத்தனை பேர் பார்க்கும்போது மறுத்தால் மானம் போகும். சாமி மந்திரத்தை முழுசாகச் சொல்லி இரண்டையும் வைத்தார்.

"ஏம்புள்ள, சாபம் உட்டுப்போட்டாருன்னா?" என்று காளிச்சாமி முணுமுணுத்தான்.

"உடட்டுமுங்க. வண்டி போறதுக்கு அது தேவலை."

மூன்று மணி நேரம் கழித்துக் குகை திறந்தது. மந்திரம் கேட்ட தண்ணீர் சளசளவென்று ஆடியது. கேட்காத டம்ளரை மயிலாத்தாள் கவிழ்த்தாள். சொட்டுக்கூட விழவில்லை.

"இதென்ன தீர்த்தம் அம்மணி?" என்றார் கூட்டத்திலிருந்த ராமாமணி. அமாவாசை தவறாமல் விரதமிருப்பவர், கறியே தொடாதவர்.

"நேத்து மிச்சமான ஆட்டுக்கால் சூப்புங்க, வடிகட்டுனது. எலும்பு, தோலு, ஜவ்வையெல்லாம் இறுக்கிப் புடிக்கிற கயிறு கொலாஜன்னு ஆஸ்பத்திரில டாக்டரம்மா சொன்னாங்க. வேக வெச்சா பசையாயிரும், ஆறுனா கட்டியாயிரும். இவரு அந்தப் பசைப் பொடியக் கரைச்சு ஊத்தறாருங்க."

"அப்ப மூணு மாசமா நான் தின்னது?"

"ஏதோ ஒரு எலும்புங்க. எதுன்னு சாமியத்தான் கேக்கோணும்."

காளிச்சாமிக்கு மனசு ஆறவில்லை. "எதா இருந்தா என்ன, முட்டிக்குப் போயிச் சேருமல்ல?"

"வயித்துக்குள்ள போனா பருப்பாட்டம் செரிச்சுப்போகும். நேரா முட்டில போயி எறங்கறதுக்கு அதென்ன டவுன் பஸ்ஸுங்களா?"

ராமாமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தார். அவர் பின்னால் வேன் வேனாக வந்தவர்கள். யாருக்கும் அப்போது முழங்கால் வலித்ததாகத் தெரியவில்லை. சாமி அவசரமாகப் பத்திரத்தை எடுத்து, "பாக்கி தள்ளுபடி" என்று எழுதி, அப்பா அம்மா வைத்த பெயரில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

காளிச்சாமி நெகிழ்ந்துபோனான். "பாத்தியா புள்ள, சாமிக்கு எத்தனை பெரிய மனசு."

முட்டி தேய்ந்தால் வைத்தியம் உண்டு. தேயவே விடாமல் மூளையைப் புதுசாக வைத்திருப்பவர்களே, கொஞ்சம் எடுத்துப் புழங்குங்கள்.