போகாத மலைக்கு ஸ்தோத்திரக் காணிக்கை

கிழக்குத் தாம்பரம்,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான ஜெபகுமார் அண்ணனுக்கு,

தங்கை ஞானஜோதி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் வீடும் நலம். அங்கே உங்கள் சுகமும் ரோஸி அண்ணி சுகமும் பேரப்பிள்ளைகள் சுகமும் அறிய ஆசை. ‘நானும் வீடும் நலம்’ என்று எழுதி என் வீட்டுக்காரரை விட்டுவிட்டேனே என்று பார்க்க வேண்டாம். தெரிந்தேதான் விட்டேன். அவரைப் பற்றித்தான் மிச்சக் கடிதம் முழுவதும்.

தாம்பரத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவில் யாராவது கடிதம் போடுவார்களா என்று அண்ணி கேட்பார்கள். நீங்கள் காது மெஷினை பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பதால் போனில் நான் கத்தினால்தான் உங்களுக்குக் கேட்கும். நான் கத்தினால் உங்கள் மாப்பிள்ளைக்கும் கேட்கும். வாட்ஸப்பில் எழுதலாமென்றால் நீங்கள் எதைப் படித்தாலும் அப்படியே குடும்ப குரூப்பில் தள்ளிவிடுகிறீர்கள். ஆகையால் இந்த வெள்ளைத்தாள்.

விஷயம் இதுதான். உங்கள் மாப்பிள்ளை மலை ஏறப் போகிறார். பரங்கிமலை இல்லை, இமயமலை. நேபாளத்தில் அன்னபூர்ணா என்று ஒரு சிகரமாம், அதன் அடிவார முகாம் வரைக்கும் கூட்டமாகச் சேர்த்து வழிகாட்டி வைத்து நடத்திக்கொண்டு போவார்களாம். அடிவாரத்துக்குப் போக எதற்கு ஏற வேண்டும் என்று கேட்டேன். “உனக்குச் சொன்னா புரியாது” என்றார். எனக்கா புரியாது? இன்சூரன்ஸ் ஆபீசில் முதல் மாடிக்குப் போக லிப்டுக்காக நின்றே சர்வீசை முடித்த மனுஷன் இவர். லிப்ட் ரிப்பேர் என்றால் அன்றைக்கு லீவு போடுவார். ஜெபத்துக்கு முழங்கால் மடங்காது என்று நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கிறவருக்கு மலை ஏற மட்டும் மடங்குமாம். இதில் வெளிநாட்டுப் பயணம் என்று தெருவெல்லாம் பெருமை வேறு. பாஸ்போர்ட்கூட வேண்டாத வெளிநாடு, ஓட்டு போடுகிற அட்டையைக் காட்டினாலே உள்ளே விட்டுவிடுவார்களாம்.

இந்த வினை குரோம்பேட்டையில் ஆரம்பித்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே ஷெர்வின் என்று ஒரு பையன் ‘சிகரத் தோழர்கள்’ என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறான். குக்கருக்கு கேஸ்கட் வாங்கிவர அனுப்பிய மனுஷன் கீழே வாங்காமல் மேலே ஏறியிருக்கிறார். கேஸ்கட் வரவில்லை, இமயமலை வந்தது. நானே நேரில் போய் அந்தப் பையனை நாலு கேள்வி கேட்டேன். “வயசெல்லாம் வெறும் நம்பர் ஆன்ட்டி” என்றான். “பிரஷரும் நம்பர்தான் தம்பி, நூத்தி எழுபது” என்றேன். அதற்கும் சிரித்து, எனக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் நோட்டீசும் கொடுத்து வழியனுப்பினான். சரி, பெற்ற பெண்ணாவது தடுப்பாள் என்று பெங்களூருக்குப் போன் போட்டால் நம் ஜெரூஷா, “அப்பா ஆசப்படறாரும்மா, விடேன்” என்று சொல்லிவிட்டு மறுநாளே ஒரு ஜோடி ஷூ அனுப்பி வைத்தாள். பெண்ணைப் பெற்றேனா எதிரியைப் பெற்றேனா தெரியவில்லை.

அந்த ஷூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். காலுக்குப் பழக வேண்டுமாம், அதனால் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே மாட்டிக்கொள்கிறார். சாப்பிடும்போது ஷூ, பேப்பர் படிக்கும்போது ஷூ, நான் துடைத்துவிட்ட தரையில் ஷூ. கீழ்வீட்டு ரவி வந்து நிற்கிறான். “இன்னாக்கா, மேல மாவு மில்லு எதுனா போட்டுகீறீங்களா? கொய்ந்த தூங்க மாட்டேங்குது.” நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன்? அடுத்தது குளிர்ப் பயிற்சி. ஒரு நாள் மத்தியானம் வயிறு முட்ட மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, ஏ.சி.யைப் பதினாறில் வைத்து, தூங்குகிற பை என்று ஒன்று வாங்கியிருக்கிறாரே அதில் கழுத்து வரைக்கும் நுழைந்து ஜிப்பை இழுத்துவிட்டார். ஜிப் சிக்கிக்கொண்டது. அதே நேரம் பார்த்து பாத்ரூமும் வந்துவிட்டது. கட்டிலிலிருந்து இறங்கி, சாக்குப் பந்தயம் ஓடுகிற பிள்ளை மாதிரி குதித்துக் குதித்து ஹாலுக்கு வந்து “பாத்துக்கினே நிக்கிறியே, எதாவது பண்ணு” என்கிறார், எனக்குச் சிரிப்பில் ஜிப்பு எது பை எது என்றே தெரியவில்லை, கடைசியில் அதே ரவிதான் கட்டிங் பிளேயரோடு மேலே வந்து “சார், ஆடாத நில்லு சார்” என்று அதட்டி வெட்டிவிட்டான். மயிரிழையில் பிழைத்தார்.

இதாவது வீட்டுக்குள் நடந்தது. முதுகில் பாரம் தூக்கிப் படி ஏறிப் பழக வேண்டும் என்று ஷெர்வின் சொன்னானாம். நம் வீட்டில் ஏது அத்தனை படி? நேராகத் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்துக்குப் போய்விட்டார். முதுகுப் பையில் என்ன பாரம் தெரியுமா, நான் மாதத்துக்கு வாங்கி வைத்திருந்த பொன்னி அரிசி. வண்டியும் ஏறாமல் வெளியேயும் போகாமல், மூச்சு வாங்க ஏறி இறங்கி ஏறி இறங்கி நின்றால் பார்க்கிறவன் சும்மா இருப்பானா? ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, “இன்னா பெரிசு, காலைலேருந்து பாக்குறேன், எந்த வண்டிக்குப் போவணும்?” என்று கேட்டிருக்கிறார். இவர் பயிற்சிக்கு வந்தேன் என்று சொல்லக் கூடாதா? “நேபாளத்துக்கு” என்றிருக்கிறார். பையைத் திறந்தால் அரிசி. ரேஷன் அரிசி கடத்துகிற கிழவன் என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் ஷேர் ஆட்டோ பிடித்து ஓடி, “சார், இது ரேஷன் இல்ல, பொன்னி, பாருங்க” என்று ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் கொட்டிக் காட்டி மீட்டுக்கொண்டு வந்தேன். ரிட்டயர்டு டீச்சரம்மா ஸ்டேஷனில் அரிசியோடு நின்ற செய்தி எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. ஷெர்வின் கூட்டம் சானடோரியம் பக்கத்துப் பச்சைமலையில் ஏறுவது ஞாயிறு காலையில்தான். ஆராதனைக்கு மணி அடிக்கும்போது உங்கள் மாப்பிள்ளை பாறையில் தவழ்ந்துகொண்டிருப்பார். மாதக்கணக்கில் கோயில் கிடையாது. வெயிலில் முகம் கருகி, மூக்கில் தோல் உரிந்து, மலை ஏறுகிறவர்கள் சவரம் செய்ய மாட்டார்கள் என்று தாடி வேறு விட்டு, கடைசி வாரம் சறுக்கி விழுந்து நொண்டவும் ஆரம்பித்தார். இவ்வளவும் வெறும் பச்சைமலையில். நான் வாயால் வைகிறேனே தவிர எனக்குப் பயம் அண்ணா. தூக்கத்தில் அவர் மூச்சு ஒரு மாதிரி இழுத்தாலே எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். காற்றே குறைவாக இருக்கிற இடத்தில், பேர் தெரியாத ஊரில், இவருக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் யாரிடம் போய் நிற்பேன்?

போன ஞாயிற்றுக்கிழமைதான் கர்த்தர் ஒரு வழி திறந்தார். பயணத்துக்கு முன் ஒரு தடவையாவது கோயிலுக்கு வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு போனேன். நம் சபையில் என்ன வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். பயணம் போகுமுன் ஜெபத்துக்குச் சொல்லுவோம். போய்த் திரும்பி வந்த பிறகுதான் ஸ்தோத்திரக் காணிக்கை படைப்போம். இவருக்குத்தான் எதையும் கடைசி தேதிக்கு முன்னாலேயே கட்டிவிடுகிற வியாதி ஆயிற்றே. கரண்டு பில் கட்டுகிற மாதிரி காணிக்கையையும் முன்கூட்டியே கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார். செக்ரட்டரி மைக்கில், “சகோதரர் தயாளன் அவர்கள், இமயமலைப் பயணத்துக்காக ஸ்தோத்திரக் காணிக்கை” என்று வாசித்தார். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கருகின முகம், உரிந்த மூக்கு, தாடி, நொண்டல், இந்த வேர்வையிலும் மலைக்கு வாங்கிய ஜாக்கெட். போதாததற்கு இத்தனை ஞாயிறு ஆளைக் காணோம். மனுஷன் போய் வந்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்குக் கை குலுக்குகிறார்கள். பாடகர் குழு பேபி அக்கா மட்டும் சந்தேகமாக, “குளிர்ல போய் இப்படியா கருக்கும்?” என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர், “பனி சுடும்க்கா, நெருப்ப விட மோசமா சுடும்” என்று விளக்கம் சொன்னார், என்னமோ அவர் சுட்டுக்கொண்டு வந்த மாதிரி. ஆயர் வந்து இவர் தோளில் கை வைத்து, “ஆண்டவர் மலையில உங்கள எப்படிக் காத்தார்னு வர்ற ஞாயிறு சபைக்கு முன்னால ஒரு சாட்சி சொல்லணும்” என்றார். “சரிங்க ஐயா” என்கிறார் இவர். வீட்டுக்கு வரும் வழியில் பிடித்துக்கொண்டேன். “ஏங்க சும்மா இருந்தீங்க?” “நான் எங்க பொய் சொன்னேன்? நான்தான் வாயே தொறக்கலையே.” அதுவும் வாஸ்தவம். வாயே திறக்காத இன்னொருத்தி நான். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தவள், வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஏன் என்றால் வீட்டுக்கு வந்ததும் இவர் நாற்காலியில் சாய்ந்து, “எல்லாருந்தான் போய்ட்டு வந்துட்டதா நெனைக்கிறாங்களே, இனிமே போய் என்ன ஆவப்போவுது?” என்று சொல்லி ஷூவைக் கழற்றினார். எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு மத்தியானமே மட்டன் பிரியாணி செய்து போட்டேன்.

ஆனால் அந்த ஷெர்வின் விடாமல் போன் செய்துகொண்டிருக்கிறான். இவரும் போன் வந்தால் பால்கனிக்குப் போய்ப் பேசுகிறார். அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறேன். இவர் என் பேச்சைக் கேட்க மாட்டார், மச்சான் சொன்னால் மறுக்க மாட்டார். சனிக்கிழமை நீங்கள் வந்து, “போய் வந்த ஊருக்குத் திரும்ப எதுக்கு மாப்பிள்ளை?” என்று ஒரே வார்த்தை சொல்லிப் பயணத்தை முடித்துவைக்க வேண்டும். சாட்சியை இரண்டே வரியில் நிறுத்திக்கொள்ளவும் சொல்லுங்கள். நீட்டினால் எந்த வழியாகப் போனீர்கள் என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

ரோஸி அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கர்த்தருடைய கரம் உங்கள் வாசற்படியை விட்டு நீங்காதிருப்பதாக. காது மெஷினை மறக்காமல் எடுத்து வரவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
ஞானஜோதி

பி.கு.: இன்று ஞாயிறு சாயங்காலம். கடிதம் என் கைப்பையிலேயே தங்கிவிட்டது. தபால் போடப் புறப்படும்போதெல்லாம் இவர் துணைக்கு வருகிறேன் என்று கூடவே வந்தால் உங்கள் விலாசத்தை நான் எங்கே மறைப்பேன்? தங்கிப்போனதும் நல்லதுக்குத்தான். மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிட்டு இதை மட்டும் படியுங்கள்.

சாட்சி சொன்னார். இரண்டு வரியாவது ஒன்றாவது. பனி கண்ணை மறைத்ததாம், கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்களாம், மூச்சு முட்டி ஒரு பாறையில் தனியாக உட்கார்ந்துவிட்டாராம். “அப்ப எனக்கு ஆண்டவர் பேர்கூட ஞாபகம் வரல. ஞானஜோதின்னு கூப்பிட்டேன்” என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு ‘இந்தா’, ‘இங்க பாரு’, பெண் பிறந்த பிறகு ‘ஜெரூஷா அம்மா’. அவ்வளவுதான் அண்ணா என் பேர். அவர் வாயால் என் பேரை நான் கேட்டது இதுதான் முதல் தடவை, அதுவும் மைக்கில். பேபி அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அத்தனையும் புளுகு என்று அந்தக் கோயிலில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எல்லாரையும் விட அதிகமாக அழுததும் நான்தான்.

கேட்ட சபைக்கு ஆவேசம் வந்துவிட்டது. சகோதரர் தயாளன் தலைமையில் அடுத்த பயணத்துக்கு யார் வருவது என்று ஆயர் கேட்டதும் ஆண்கள் ஐக்கியத்தில் பாதிப் பேர் கை தூக்கிவிட்டார்கள். அவருக்குத்தான் வழி தெரியுமாம். வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்கள் மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. “உங்க அண்ணன வரச் சொல்லேன், அவர் போவக் கூடாதுன்னு சொன்னா நான் கேட்டுப்பேன்” என்று பின்னாலேயே சுற்றுகிறார். தயவுசெய்து இந்தப் பக்கமே வந்துவிடாதீர்கள். சொன்ன பொய் போய் வந்தால்தான் கழியும். நானும் என் பேரைக் கொடுத்துவிட்டேன். பயம் அப்படியேதான் இருக்கிறது, கூடவே போனால் கண்ணெதிரிலாவது இருப்பார். அண்ணியிடம் கம்பளிச் சட்டை இருந்தால் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அந்தப் பாறை எது என்று அவர் எனக்குக் காட்ட வேண்டும். அதன்மேல் உட்கார்ந்து, மூச்சு முட்டினாலும் முட்டாவிட்டாலும், ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதைக் கேட்காமல் நான் கீழே இறங்க மாட்டேன்.