கெண்டைக்கால் செய்த புதுமை

சங்கைக்குரிய தந்தை சில்வெஸ்ட்ரோ அவர்களுக்கு, காப்பிக்கடை மாடியில் குடியிருக்கும் தெஸ்மண்ட் ஹால்வர்சன் குடும்பத்தோடு பணிந்து எழுதிக்கொள்வது. தாங்கள் திருவிழாக் களைப்பு தீர்ந்து நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இங்கே ஒருவரைத் தவிர எல்லோரும் நலம். அந்த ஒருவர் நான்.

பங்கு மடலின் முதல் பக்கத்தில் 'புனித ரோக்கோ தலைவணங்கிய புதுமை' என்று, அற்புதம் நடந்ததாகவே ஒரு கட்டுரை வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். அது அச்சுக்குப் போகுமுன் இந்தப் பாவியின் கடிதத்தைப் படித்துவிடுங்கள். பவனியில் தாங்கள் முன்னால் செபமாலை சொல்லிக்கொண்டு போனீர்கள். முதுகுக்குப் பின்னால் நடந்தது தங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

அன்று காலை நெல்லோவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் சப்பரத்தின் இடப்பக்கத் தண்டில் ஓர் ஆள் குறைந்தது. தூக்குகிறவர்களுக்குத் தலைவரான கசாப்புக்கடை எர்மெத்தே என் கதவைத் தட்டி, "ஏய் கனடா, சும்மாத்தானே இருக்கே, தோள் குடுக்கிறியா?" என்றார். ஏழு வருஷமாக இந்த ஊரில் எனக்குப் பெயர் கனடா, என் மனைவி மொரீன் கனடாக்காரி, மகள் இங்க்ரிட் கனடாக் குட்டி. அந்தத் தண்டில் ஒரு நாள் தோள் வைத்துவிட்டால் நாங்களும் ஊர்க்காரர்கள் ஆகிவிடுவோம் என்று ஆசை வந்துவிட்டது, தந்தையே, மறைப்பானேன். மற்ற பதினொரு பேரும் அளந்து வெட்டினதுபோல ஒரே உயரம், நான் அவர்களைவிட ஒன்றரைச் சாண் கூடுதல் என்பதை நானே எடுத்துச் சொன்னேன். "அதுக்கென்ன, முழங்காலை மடக்கிக்கிட்டு நட" என்றார். "ஐம்பத்தாறு வயசுல மேடு முழுக்க வாத்து மாதிரி நடக்கப் போறியா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று மொரீன் கத்தினாள். அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

நடந்தேன். நீரூற்று வரைக்கும் புனிதர் ஆடாமல் அசையாமல் வந்தார். எர்மெத்தேயின் தங்கை ஒலிம்பியாவின் வீட்டுக்கு நேரே வந்தபோது, மேடும் செங்குத்தாகி, வாத்தியக்காரர்களும் மூச்சு வாங்க நின்றுவிட, நாங்களும் நின்றோம். அந்த ஜன்னல் கதை தங்களுக்கே தெரியும். புனிதருக்காக அவர் ராப்பகலாகப் பூவேலை செய்த போர்வையைப் பார்த்து "சமையலறைத் திரை மாதிரி இருக்கு" என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லப்போக, பதினொரு வருஷமாகப் பவனி போகும்போதெல்லாம் அந்த மாடி ஜன்னல் சாத்தியே கிடந்தது. சரியாக அங்கேதான் என் இடது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. உயிர் போகிற வலி. முழு உயரத்துக்கும் நிமிர்ந்துவிட்டேன். இடப்பக்கம் தூக்க, புனிதர் வலப்பக்கம் சாய்ந்து மாடி ஜன்னலுக்கு நேரே தலை வணங்க, சிலையின் காலடியில் அவருக்கு ரொட்டி கொண்டுவரும் நாயின் வாயில் ஆடிக்கொண்டிருந்த மர ரொட்டி கழன்று ஒலிம்பியாவின் பூந்தொட்டியில் போய் விழுந்தது. சத்தம் கேட்டு ஜன்னல் திறந்தது. "எனக்கு ரொட்டி குடுத்து அனுப்பியிருக்காரே! அவருக்காவது என் ஞாபகம் இருந்துச்சே!" என்று அந்த அம்மாள் அழ, எர்மெத்தே தண்டைத் தோளில் வைத்துக்கொண்டே அழ, தெருவே "புதுமை! புதுமை!" என்று முழங்காலில் விழுந்தது. அப்போது நான் அலறியதை வெளிநாட்டுச் செபம் என்று சொல்கிறார்களாம். அது செபம் இல்லை. அதை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

இப்போது அண்ணனும் தங்கையும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து ஜன்னலுக்கு மெழுகுவர்த்தியோடு ஆள் வருகிறது. "உண்மையைச் சொன்னே, தண்டும் போச்சு, அவங்க சமாதானமும் போச்சு, நாளைக்கு எனக்கு ரொட்டிக்கடையில ரொட்டி குடுக்க மாட்டான்" என்கிறாள் மொரீன். ஆனால் ஒரு புனிதரின் பெயரில் என் கெண்டைக்கால் புகழ் வாங்குவதை என் மனம் ஒப்பவில்லை. தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள். எங்கள் மீது ஊர் கோபித்தால் தாங்கள்தான் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவேண்டும்.

புனித ரோக்கோ தங்களையும், கோவில்பிள்ளையையும், மணியடிக்கிற சிறுமி உட்பட எல்லோரையும் நோய்நொடியில்லாமல் காப்பாராக.

தங்கள் ஆசீர் வேண்டும்,
தெஸ்மண்ட் ஹால்வர்சன்

பி.கு.: மேலே உள்ளதைக் கிழித்துவிடுங்கள். உறையை ஒட்டும் நேரத்தில் எர்மெத்தே வந்தார். மனம் பொறுக்காமல் வாசித்துக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "நெல்லோவுக்குப் பதிலா வர நாலு பேர் வரிசையில நின்னாங்க. உன்னைத் தேடி ஏன் மாடி ஏறி வந்தேன்? அந்த மேட்டுல உன் முழங்கால் தாங்காதுன்னு எனக்குத் தெரியாதா? போய் மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் வரல, சாமியை அனுப்பினேன். ரொட்டி மட்டும் அவர் சொந்தமாச் செஞ்சது." வாசல்வரை போய்த் திரும்பினார். "அடுத்த வருஷம் உனக்கு வலப்பக்கத் தண்டு, தெஸ்மோந்தோ. எதிர்வரிசையில என் மச்சான் வீடு இருக்கு. அவனும் ஒன்பது வருஷமா என்னோட பேசல." ஏழு வருஷத்தில் முதல்முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மனிதனிடம் நான் எப்படி மாட்டேன் என்பேன், தந்தையே?