ரம்புக்கனைக் கத்தரிக்காய்

இலங்கையில் ரயிலைப் பற்றி ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ரயில்வேக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பெண். என் வயதுதான். வகுப்பில் பேர் கூப்பிடும் இடாப்பில் வேறு பெயர் இருந்தது. காலையில் பெரிய டீச்சர் அதை ஒரு தடவை கூப்பிடுவார். பிறகு நாள் முழுக்க அவள் ஸ்டேஷன் மாஸ்டர்தான்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்கு மேல், பதினேழு வயதில், ஹட்டனில் ஒரு வருஷம். அங்கே தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்குச் சமையல், தையல், குழந்தை வளர்ப்பு சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. தங்கிப் படிக்க விடுதியும் இருந்தது. நாங்கள் அதைக் காலேஜ் என்போம். ஊரில் போய்ச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்வோம்.

முதல் நாளே ஸ்டேஷன் மாஸ்டர் என்னிடம் வந்தாள்.

"எந்த ஊரு?"

"நோர்வூட் பக்கம்."

"உங்க ஊர்ல ரயிலே இல்லையே. பாவம்."

அன்றிலிருந்து நான் நோர்வூட். எல்லோரையும் அவள் ஊர்ப்பெயரால்தான் கூப்பிடுவாள். கொட்டகலையிலிருந்து வந்தவள் கொட்டகலை. கொட்டகலைக்கு ஸ்டேஷன் உண்டு. அதனால் அவளுக்கு மரியாதை கொஞ்சம் கூட.

வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவள் ஸ்டேஷன் மாஸ்டர். அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குக் கீழேயே ரயில் பாதை. மாமா ஒருவர் இன்ஜின் ட்ரைவர் என்றாள். அவர் தயவில் குடும்பமே ஓசியில் போகுமாம், வருமாம். போன மாதம் காலிக்கு. அதற்கு முந்தின மாதம் அனுராதபுரத்துக்கு. நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். எங்கள் வீடுகளில் பயணம் என்றால் திருவிழாவுக்கு லொறியில் போய் வருவதுதான்.

கொட்டகலை மட்டும் நோண்டுவாள்.

"அப்ப காலேஜுக்கு மட்டும் ஏண்டி தோட்டத்து லொறியில வந்த?"

"அன்னிக்கு மாமாவுக்கு லீவு."

"லீவுக்கு வீட்டுக்குப் போறப்பவும் பஸ்ஸுலதான போற?"

"ரயிலு எனக்கு அலுத்துப் போச்சு கொட்டகலை. உனக்குச் சொன்னா வெளங்காது."

அவள் பயணக் கதைகளில் கோயில் வராது, கடல் வராது, மனுஷர்கூட அதிகம் வர மாட்டார்கள். சாப்பாடுதான் வரும். எந்த ஸ்டேஷனில் என்ன விற்கும், எந்த இலையில் கட்டித் தருவார்கள், காரம் தூக்கலா, தேங்காய் தூக்கலா, எல்லாம் சொல்வாள். பொல்காவலை என்றால் வடை. ரம்புக்கனை என்றால் ரம்புட்டான் பழம். சொல்லும்போதே மூக்கை உறிஞ்சிக்கொள்வாள்.

சமையல் வகுப்பில்தான் இந்த ஞானம் முழுசாக வேலை செய்தது. ஒருநாள் கத்தரிக்காய்க் கறியில் உப்புக்குப் பதில் சீனி அள்ளிப் போட்டுவிட்டாள். பெரிய டீச்சர் வாயில் வைத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தால் குரல் தணியும்.

"என்ன பிள்ளை இது?"

"ரம்புக்கனைக் கத்தரிக்காய் டீச்சர். அங்கிட்டு இப்படித்தாங்க செய்வாங்க."

டீச்சர் ரம்புக்கனையில் இறங்கிக் கத்தரிக்காய் தின்றவர் இல்லை. அடுத்த சட்டிக்கு நகர்ந்தார்.

அதன் பிறகு அவள் சட்டியில் எது பிழைத்தாலும் அதற்கு ஓர் ஊர் கிடைத்தது. பருப்பு கருகினால் கம்பளைப் பருப்பு. சோறு குழைந்தால் பேராதனைச் சோறு. உறைப்பு ஏறி எல்லோரும் இருமினால் அது கடுகண்ணாவை. சும்மா சொல்லக்கூடாது, பல நாள் நன்றாகவும் சமைப்பாள். அன்றைக்கு ஊர் கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். "ஏன், இது நான் செஞ்சதுன்னு நம்ப மாட்டீங்களா?"

வருஷம் முடிகிற நேரம் ஒரு செய்தி வந்தது. பெரிய டீச்சருக்கு ஓர் உதவியாள் தேவை. தோட்டம் தோட்டமாகப் போய்த் தாய்மாருக்குச் சத்தான சாப்பாடு சமைத்துக் காட்டும் வேலை. திம்புள்ள, உடப்புசல்லாவை என்று ரயிலிலும் பஸ்ஸிலும் அலைய வேண்டும். சம்பளம் உண்டு. எங்களில் ஒருத்தியைத்தான் எடுப்பார்கள்.

எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். போட்டியில் நான் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டருக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான். அவள் அம்மா அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அந்த வாரம் ஸ்டேஷன் மாஸ்டர் சரியாகச் சாப்பிடவில்லை.

"நோர்வூட், ரயில்ல போற வேலைடி. அதுக்குச் சம்பளமும் குடுக்குறாங்க. இப்படி ஒரு வேல இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

அப்போதுதான் கண்டிக்குச் சுற்றுலா வைத்தார்கள். ஓர் இரவு தங்கி வருவது. எல்லோர் வீட்டுக்கும் நாளும் ரயிலும் எழுதிக் கடிதம் போனது. பெரிய டீச்சர் அவளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உமக்குத்தான் ரயில் பழக்கம். போறது, வாறது, சாப்பாடு எல்லாம் உம்முடைய பொறுப்பு. எப்பிடி நடத்துறீர் எண்டு பாக்கிறன்."

எதற்காகப் பார்க்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

விடியும் முன்பே எழுந்து ஒரு பெரிய சட்டி நிறையப் புளிச்சோறு கிண்டினாள். வாழை இலை நறுக்கி அடுக்கினாள். திட்டம் இதுதான். நாவலப்பிட்டியில் ரயில் வெகுநேரம் நிற்கும். மேடையில் இறங்கி, வரிசையாக உட்கார்ந்து, ஆற அமரச் சாப்பிட்டுவிட்டு ஏறலாம்.

"அவ்வளவு நேரம் நிக்குமா?" என்றாள் கொட்டகலை.

"கை கழுவி, வெத்தல போட்டுட்டு ஏறலாம். நாங்க எத்தன வாட்டி அங்க சாப்பிட்டிருக்கோம் தெரியுமா?"

ஹட்டன் ஸ்டேஷனில் அவள் எங்களை வரிசையில் நிறுத்தி ஏற்றினாள். கடைசியாக அவள் ஏறினாள். ஏறும்போது எதற்கோ செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. தெரிந்தவள் செய்கிறாள் என்று நானும் கழற்றிவிட்டேன்.

வழியில் சுரங்கம் வந்தது. இருட்டில் யாரோ என் கையைப் பிடித்தார்கள். நகம் பதிந்தது. வெளிச்சம் வந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு இதுக்குள்ள இருட்டு கொஞ்சம் கூட," என்றாள்.

இறக்கத்தில் ரயில் பறந்தது. "உங்க லயம் எங்கடி?" என்று கேட்டுக்கொண்டே வந்தோம். "இன்னும் வரல, இன்னும் வரல" என்றாள். அப்படியே வட்டவளை தாண்டிவிட்டது.

நாவலப்பிட்டியில் இறங்கினோம். இலை போட்டோம். மேடையில் ஒரு கல்யாணப் பந்தி. பெரிய டீச்சரும் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் முதல் இலையில் சோற்றை வைத்து, இரண்டாம் இலைக்குக் குனிந்தாள். விசில் ஊதியது.

"அது வேற ரயிலு," என்றாள்.

நாங்கள் வந்த ரயில் நகர்ந்தது.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. பெரிய டீச்சர் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கொட்டகலை இலையோடு ஏறினாள், சோறு மேடையிலேயே நின்றுவிட்டது. என் செருப்பில் ஒன்று ரயிலுக்குள் இருந்தது, மற்றது எங்கே என்று இன்றுவரை தெரியாது. ரயில் கார்டு எங்களை ஒவ்வொருவராகப் பிடித்து உள்ளே தள்ளினார். எல்லோரும் ஏறிவிட்டோம். சட்டி ஏறவில்லை.

விஷயம் இதுதான். நாவலப்பிட்டியில் வெகுநேரம் நிற்பது மேலே ஏறும் ரயில். மலை ஏற இன்னொரு இன்ஜின் பூட்டுவார்கள், அதனால் நிற்கும். கீழே இறங்கும் ரயிலுக்கு அந்த இன்ஜின் எதற்கு?

கண்டி குளக்கரையில் ஆளுக்கொரு பேக்கரிப் பணிஸ் தின்றோம். பெரிய டீச்சர் பாதியை மடித்துப் பையில் வைத்தார். வேலை போய்விட்டது என்று ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. இரவு பாயில் படுத்துக்கொண்டு, "நோர்வூட், கொழுந்துக் கூட தூக்குனா கழுத்து ரொம்ப வலிக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் திரும்பும்போது நாவலப்பிட்டியில் ரயில் நின்றது. நன்றாக நின்றது. ஸ்டேஷன் வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் எங்கள் சட்டியோடு வந்தார். கழுவிப் பளபளவென்று இருந்தது.

"சோத்த போர்ட்டர்மார் சாப்பிட்டாங்க. வீணாப் போவல. சட்டிச் சோத்துக்குச் சண்டையே புடிச்சாங்க. இது எந்த ஊருப் பக்குவம் புள்ள?"

ஸ்டேஷன் மாஸ்டர் வாயைத் திறந்தாள். ஒரு ஊரும் வரவில்லை.

"நான் செஞ்சதுங்க நானா," என்றாள்.

பெரிய டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு இன்ஜின் பூட்டியும் ரயில் ஏற்றத்தில் நடந்துதான் போனது. மழைத்தூறல். ஒரு வளைவில் பாதையோரம் ஆட்கள் நின்றார்கள். பெண்கள், பிள்ளைகள், தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு ஒரு லயமே நின்றது. பின்னால் மேட்டில் கட்டடம் தெரிந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் அதையே பார்த்தாள்.

"இதுதான் எங்க லயமா?" என்று என்னைக் கேட்டாள். "இத்தனூண்டா இருக்கு."

ஓர் அம்மா கையில் பொட்டலத்தோடு ரயிலுக்குப் பக்கத்தில் ஓடி வந்தாள். நடந்தாலே போதும், ஆனால் ஓடினாள். பொட்டலத்தைப் பெரிய டீச்சரின் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"டீச்சரம்மா, எம்மக மொத மொதலா ரயிலேறியிருக்காங்க. எட்டி எட்டிப் பாப்பா. கைய வெளிய நீட்டாமப் பாத்துக்கங்க."

ரயில் வளைவைத் தாண்டியது. எல்லோரும் ஸ்டேஷன் மாஸ்டர் பக்கம் திரும்பினோம்.

கொட்டகலைதான் பேசினாள். "ஏண்டி, உங்க மாமா?"

"அவருக்கு எப்பவும் லீவுதான்," என்றாள் ஸ்டேஷன் மாஸ்டர்.

"அப்ப வட, ரம்புட்டான், அதெல்லாம்?"

"மேல வர்ற ரயிலு எங்க லயத்துக்கிட்ட நடக்கும்ல. சன்னல்ல இருந்து தூக்கிப் போடுவாங்க. பழத்துக் கோது கெடக்கும், எண்ணெ எல கெடக்கும். எடுத்து மோந்து பாப்போம். நான் கூடவே ஓடி, எங்க வாங்குனீங்கன்னு கேப்பேன். ஊரச் சொல்லுவாங்க. நாவலப்பிட்டில உக்காந்து சாப்பிட்டு வந்தோம்பாங்க." ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "கீழ போற ரயிலு வெரசாப் போயிரும். அவங்கள ஒண்ணும் கேக்க முடியாது."

மலையில் ரம்புட்டான் காய்க்காது. கோது மட்டும் ரயிலில் வரும். அந்தக் கோதிலிருந்துதான் அவள் ரம்புக்கனையைக் கட்டியிருந்தாள். எங்களை அதில் ஒரு வருஷம் குடியும் வைத்திருந்தாள்.

பெரிய டீச்சர் பொட்டலத்தைப் பிரித்தார். ரொட்டி, மாசிக் கருவாடு இடித்த சம்பல். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார்.

"இது எந்த ஸ்டேஷன் சம்பல்?"

"எங்க வீட்டுச் சம்பல் டீச்சர்."

"எல்லாருக்கும் பிரிச்சுக் குடும்." அவள் கொடுத்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார். "ரயிலிலை ஏறாமலே ரம்புக்கனை வரைக்கும் சமைச்ச பிள்ளை. ஏத்திவிட்டால் பாதை முடியிற பதுளை வரைக்கும் சமைப்பாள். அடுத்த மாதம் என்னோடை உடப்புசல்லாவைக்கு வாரும். ஆனால் ஒண்டு. இனிமேல் கருகினால், கருகிப்போச்சு எண்டு சொல்லவேணும்."

ஸ்டேஷன் மாஸ்டர் தலையை ஆட்டினாள். வாயில் ரொட்டி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, சம்பல் உறைப்பு என்றாள்.

எனக்குப் பிள்ளை பிறந்த வருஷம் அவள் எங்கள் தோட்டத்துக்குச் சமைத்துக் காட்ட வந்தாள். வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தாய்மார் கூடியிருந்தோம். பேசிக்கொண்டே இருந்ததில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. "கருகிப்போச்சு. மன்னிச்சுக்கங்க," என்றாள். வாக்குத் தவறவில்லை. பிறகு என் பக்கம் குனிந்து காதில் சொன்னாள். "நானுஓயாவுல இப்படித்தான் செய்வாங்க."

இப்போது டீசல் இன்ஜின் வந்துவிட்டது. இருந்தாலும் வட்டவளை ஏற்றத்தில் ரயில் மெதுவாகத்தான் போகிறது. கொழும்புக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரு கட்டு ரம்புட்டான் வாங்கி, அந்த வளைவு வரும்வரை கோதை மடியில் சேர்த்து வைத்திருந்து வெளியே போடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் கண்டுகொள்வதில்லை. போன தடவை ஒரு சின்னப்பெண் கூடவே ஓடி வந்தாள்.

"அக்கா, எங்க வாங்குனது?"

வாங்கியது வேறு ஊரில். ரம்புக்கனை என்று சொன்னேன்.