எழுந்திருக்க முடியாத பக்தி

வழக்கத்துக்குக் காவல் இருப்பவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கூட்டுப் பிரார்த்தனைக்கு முதல் ஆளாக வந்து, செருப்புகள் வரிசையாக இருக்கின்றனவா, எந்த ஜன்னல் திறந்திருக்கிறது, யார் இன்னும் கண்ணை மூடவில்லை என்று தன் கண்ணை மூடாமலே கண்காணிப்பவர். கடவுளுக்கே சந்தேகம் வந்தால் இவரிடம்தான் கேட்க வேண்டும்.

நம் ஆள் கடிகாரம் பழுது பார்ப்பவர். கடையில் நாள் முழுக்க மெத்தை போட்ட நாற்காலிதான். பிரார்த்தனைக் கூடத்தில் மட்டும் தரை. "நாற்காலி உள்ள வந்தா நம்பிக்கை வெளிய போயிடும்" என்பார். எந்த வாசல் வழியாக? கேட்கக் கூடாது. கேட்பவன் ஏற்கெனவே பாதி போய்விட்டான் என்று அர்த்தம். சாமான் ஏற்றி இறக்கும் வேலை செய்கிற சொந்த மச்சானையே, காலில் மாவுக்கட்டோடு முக்காலியில் உட்கார்ந்த குற்றத்துக்காகப் போன வருஷம் கூட்டத்திலிருந்து நீக்கினார். முப்பது பேரும் ஆமோதித்துக் கை தூக்கினார்கள். ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்துத் தூக்கியதுதான். முதலில் தூக்கியவர் அக்குளைச் சொறிந்தார் என்று ஒரு பேச்சு உண்டு.

போன மாதம் ஒரு நாள் பிரார்த்தனை முடிந்தது. கடிகாரக்காரர் எழப் பார்த்தார். முழங்கால் இரண்டும் மாட்டேன் என்றன. கை கொடுங்கள் என்று கேட்டால், நாளைக்கே ஒருவன் நாற்காலி கேட்பானே! இத்தனை வருஷத்து மானமும் முட்டியில் வந்து நின்றது.

கண்ணை மூடினார். "இனிமே முடிஞ்சப்புறம் கொஞ்ச நேரம் மௌனம். ஆதி வழக்கம்."

"ஆமாமா, எங்க தாத்தா காலத்துலயே இருந்துச்சு" என்றார் தபால்காரர் சட்டென்று. அவருக்கும் முட்டி. ஏறக்குறைய எல்லோருக்குமே முட்டி. வலி தனக்கு மட்டும்தான், மற்றவர்கள் பக்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் பயந்தார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரம். மௌனம் அபாரமாக இருந்தது.

கடிகாரக்காரரின் மனைவி சொல்லி அனுப்பி, மச்சான் வந்து வாசலில் நின்றார்.

"என்ன மாமா, வேண்டுதலா, முட்டியா?"

"மௌனம்."

"சரி. அக்காகிட்ட அப்படியே சொல்லிடுறேன்."

"ஏய், நில்லுப்பா!"

முட்டி என்று ஒரு வார்த்தை போதும். முப்பது பேரும் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். கடிகாரக்காரர் வாயைத் திறந்தார், எல்லோரும் பார்ப்பதைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மௌனம் முடிஞ்சா, வெளியாள் ஒருத்தர்தான் தூக்கி நிறுத்தணும். அதுவும் ஆதி வழக்கம்."

"அப்ப நான் மறுபடி சேர்ந்துக்கலாமா?"

"சேர்ந்துட்டா நீ எப்படிப்பா வெளியாளு?"

மச்சான் சிரித்துக்கொண்டே, பீரோவை நகர்த்துகிற பக்குவத்தோடு முப்பது பேரையும் தூக்கி நிறுத்தினார். மானம் தப்பியது. வாராவாரம் இப்போது அதுதான் நடக்கிறது. நல்ல கால் உள்ளவர்களும் காத்திருந்து தூக்கப்படுகிறார்கள். தானாகவே எழுந்துவிட்ட தையல்காரம்மாவுக்கு அடுத்த வாரம் விசாரணை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் சிரிப்பதற்கு முன்னால், பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.